கணக்கில் பொருளின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மாதிரி வினாக்கள் வெளியிட்டு வருகிறீர்கள். அண்மையில் வந்த அறிவியல் வினாக்களில் ஒன்று இது: ஒரு மின்சாதனம் 220 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது, அதன் மின்தடையையும் மின்திறனையும் காண்க. விடையையும் கீழேயே கொடுத்திருந்தீர்கள். 220-ஐ 5-ஆல் வகுத்தால் 44 ஓம். 220-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,100 வாட்.

பெருக்கல் வகுத்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'ஒரு மின்சாதனம்' எது? இஸ்திரிப் பெட்டியா, தண்ணீர் மோட்டாரா, குண்டு பல்பா? இஸ்திரிப் பெட்டி என்றால் இரண்டு விடையும் சரி. மோட்டார் என்றால் இரண்டுமே தவறு. இதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் ஐந்து மதிப்பெண் வாங்குகிறார்கள், வீட்டுக்குப் போய் 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை 6 ஆம்பியர் பிளக்கில் செருகுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அப்பா வைத்த கடை, அவரிடம் கற்ற தொழில். பாலூர், திருவந்திபுரம் பக்கத்துக் கிணற்று மோட்டார், துறைமுகத்து ஐஸ் கம்பெனி மோட்டார், வீட்டு மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் எல்லாம் வரும். எரிந்துபோய்த்தான் வரும். ஏன் எரிந்தது என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த அதே இரண்டு வரிக் கணக்குதான் உள்ளே இருக்கும். வோல்டேஜை ஆம்பியரால் வகு, வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கு. அதோடு மூன்றாவதாக ஒன்று: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் சூடு எத்தனை வாட் என்று வரும். என் தொழிலுக்கு இந்த மூன்றாவதுதான் உயிர்.

முதலில் கணக்கு அப்படியே பொருந்துகிற இடத்தைச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 1,000 வாட் என்று இருக்கும். 1,000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் 52.9 ஓம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு சிறிய பின்களிலும் ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஐம்பதை ஒட்டி ஒரு எண் காட்டும். தகடும் மீட்டரும் ஒரே பதிலைச் சொல்லும். உள்ளே இருக்கும் நைக்ரோம் கம்பி சூடானாலும் அதன் ஓம் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் இவ்வளவு ஒற்றுமை. பாடப்புத்தகத்தின் கணக்கை ஒரு பிள்ளை தன் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல பொருள் வேறு இல்லை. இஸ்திரிப் பெட்டி இல்லாத பள்ளியும் ஊரில் இல்லை, ஆசிரியர் வீட்டிலாவது ஒன்று இருக்கும்.

இப்போது லோ வோல்டேஜுக்கு வருவோம். கோடை மாலையில் எங்கள் பக்கத்தில் சில தெருக்களில் 180 வோல்ட் வரை இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். கம்பியின் ஓம் அதே 52.9. 180-ஐ 52.9-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். வாட் 612. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறைந்தது. சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. வோல்டேஜ் குறையும்போது ஆம்பியரும் சேர்ந்து குறைவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 'துணி மடியவே மாட்டேங்குது, பெட்டி கெட்டுப்போச்சு' என்று கொண்டுவருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: எந்த நேரத்தில் தேய்க்கிறீர்கள்?

லோ வோல்டேஜில் கரண்ட் பில் குறையும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.4 யூனிட் வேண்டும். 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் இதைப் பதினாறு நிமிடத்தில் முடிக்கும். 180 வோல்ட்டில் அதே ராடு 919 வாட்தான் தரும். இருபத்தாறு நிமிடம் ஆகும். மீட்டரில் ஓடுவது இரண்டு தடவையும் அதே 0.4 யூனிட். தண்ணீருக்கு வேண்டிய சூடு தண்ணீருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். குறைவது நேரம் காத்திருப்பவரின் பொறுமை மட்டும்.

இதே ராடு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குச் செய்தது. 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் போகிற எதுவும் 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போகவேண்டும். கெய்சரின் பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்டில் செருக ஒரு மாற்றுப் பிளக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பின்னின் வடிவம் மாறியதே தவிர, உள்ளே போகிற ஆம்பியர் மாறவில்லை.

அப்படி எரிந்த ஒரு பிளக்கை என் மேஜையில் வைத்திருக்கிறேன். 2,000 வாட் கெய்சருடையது. மூன்று பின்களில் எர்த் பின் புதிதுபோல் மஞ்சளாகப் பளபளக்கிறது. நியூட்ரல் பின் லேசாக மங்கியிருக்கிறது. லைன் பின் மட்டும் கறுத்து, அதன் வேரடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறமாகி, அதற்குள் கருகிக் குழிவிழுந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் திருகாணி தளர்ந்து, ஒயரின் செப்பு இழைகளில் பாதிதான் திருகாணியின் அடியில் இருந்தன. மீதி வெளியே துருத்திக்கொண்டு பச்சை பிடித்திருந்தன.

அந்தத் தளர்ந்த இடத்தில் அரை ஓம் ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். கெய்சரின் கம்பி 26.5 ஓம். இரண்டும் சேர்ந்து 27 ஓம். ஆம்பியர் 8.5. கெய்சருக்குப் போகும் வோல்டேஜில் 4 வோல்ட் சொச்சம் குறையும். இதை வீட்டில் ஒருவரும் உணரமாட்டார்கள், தண்ணீர் வழக்கம்போலச் சுடும். ஆனால் 8.5-ஐ 8.5-ஆல் பெருக்கி அரையால் பெருக்கிப் பாருங்கள்: 36 வாட். நாங்கள் ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளக்குக்குள் வைத்து மூடி, சுவரோடு சேர்த்து அழுத்தி வைத்ததற்குச் சமம். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற ஸ்விட்சான எம்.சி.பி. இதைத் தடுக்காது. 8.5 ஆம்பியர் என்பது அதற்கு நியாயமான லோடு. அது ஆம்பியரை மட்டுமே பார்க்கும், எந்த இடத்தில் சூடாகிறது என்று பார்க்காது. அதனால்தான் குளித்துவிட்டு வந்து, ஈரம் துடைத்த காய்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே திருகாணியை முடுக்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான்.

எம்.சி.பி. என்றதும் இன்னொன்று. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியர் போடச் சொல்கிறார்கள். பழைய ஃபியூஸ் கட்டையில் ஓர் இழைக்குப் பதில் மூன்று இழை முறுக்கிப் போட்டது மாதிரிதான் இதுவும். ட்ரிப் ஆவது சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்ற. ஒயர் அதேதான் இருக்கிறது. காவல் மட்டும் போய்விட்டது.

இனி, கணக்கு பொருந்தாத இடம். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி மாலையில் கடைக்கு வந்து உட்கார்ந்து படிப்பாள். வீட்டில் தம்பி தொல்லை. இஸ்திரிப் பெட்டியை அளந்து புத்தக விடை வந்ததும் குதித்தாள். அடுத்து அலமாரியில் கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பை எடுத்தாள். காகிதத்தில் போட்டுப் பார்த்தாள்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்து, 529 ஓம். மல்டிமீட்டரை வைத்தாள். 40 காட்டியது. திருப்பி வைத்தாள். அதே 40.

'என்னா அத்தை, புக்குல தப்பா போட்டிருக்காங்களா, உங்க மீட்டரு தப்பா?'

இரண்டும் தப்பில்லை என்று அவளுக்கு விளங்கவைக்க அன்று மாலை முழுக்கப் போயிற்று. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் அதன் ஓம் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். மல்டிமீட்டர் அளந்தது ஆறிய இழையை. காகிதத்தில் வந்தது எரிகிற இழை. ஸ்விட்சைப் போடுகிற அந்த முதல் கணத்தில் இழை இன்னும் ஆறித்தான் இருக்கிறது, அதனால் வழக்கமான அரை ஆம்பியருக்குக் குறைவான இடத்தில் ஐந்து ஆம்பியருக்கு மேல் பாய்ந்துவிடுகிறது. குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட ஸ்விட்ச் போட்டதும் 'டப்' என்று போவதைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணம் இதுதான் என்றதும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வில் இது வராது. ஆனால் ஓம் என்பது பொருளோடு ஒட்டிப் பிறந்த, மாறாத எண் இல்லை என்பது அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

மோட்டார் இன்னும் வேறு மாதிரி. ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரின் ரன்னிங் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் நாலு ஓம் அளவில் காட்டும். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57 ஆம்பியர். வீடே இருளவேண்டும். ஆனால் ஓடும்போது, ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் ஆறு, ஆறரை ஆம்பியர்தான். ஏன்? காயில் என்பது நேர்க்கம்பி இல்லை. ஏ.சி. கரண்டைக் காயிலின் காந்தப்புலம் தடுக்கிறது. உள்ளே சுழலும் பகுதியான ரோட்டர் சுற்றச் சுற்ற, வருகிற வோல்டேஜை எதிர்த்து நிற்கும் வலிமை காயிலுக்குள் பிறக்கிறது. சுற்றுகிற வரைக்கும்தான் அந்தக் காப்பு. பேரிங் இறுகியோ, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் மண் அடைத்தோ ரோட்டர் நின்றால் ஆம்பியர் ஐந்தாறு மடங்கு ஏறும். நிமிடக் கணக்கில் வார்னிஷ் வாசனை வரும். அந்த வாசனை வந்தபின் என்னிடம் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை.

வாட் கணக்கும் மோட்டாரில் மாறும். 230-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 1,495. ஆனால் மீட்டரில் ஓடுவது அவ்வளவு இல்லை. மோட்டாரில் வோல்டேஜும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, ஆம்பியர் பின்தங்கி வருகிறது. அதற்காகத்தான் பவர் ஃபேக்டர் என்று ஓர் எண்ணால் பெருக்குகிறோம். நேம் பிளேட்டில் 0.8 என்று இருந்தால் 1,196 வாட். அதில் தண்டுக்கு வந்து சேர்வது ஒரு ஹெச்.பி., அதாவது 746 வாட். மீதி காயிலிலும் இரும்பிலும் சூடாய்ப் போகிறது.

பாலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் போன கோடையில் 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிரித்தபோது காயில் எல்லாம் ஒரே சீராகக் கரிந்திருந்தது. 'லோ வோல்டேஜில் ஓட்டினீர்களா?' என்று கேட்டேன். ஓட்டினாராம். 'ஏம்மா, வோல்டேஜ் கம்மின்னா கரண்டும் கம்மியாத்தானம்மா வரும்? எம் பையன் கணக்குப் போட்டுக் காட்டினானே, அப்புறம் எப்படி எரியும்?' என்றார்.

பையன் போட்டது உங்கள் மாணவர் பக்கத்துக் கணக்கு. இஸ்திரிப் பெட்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. பம்பு மோட்டாருக்கு நேர்மாறு. கிணற்றிலிருந்து மேலே ஏற்றவேண்டிய தண்ணீர் குறையவில்லை. வேலை அதே வேலை, வோல்டேஜ் மட்டும் குறைவு. அப்படியானால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டித்தான் இழுக்கும். 415 வோல்ட்டில் 7.8 ஆம்பியர் எடுத்த மோட்டார் 330 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்குப் பக்கம் போகும். ஆம்பியர் கால் பங்கு கூடினால் காயிலில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்கு ஆகும், ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்க வேண்டும் என்பதால். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்ததை அப்பாவுக்கு உதவியாகச் சொன்ன பிள்ளை அவன். அவன் படித்த கணக்கில் எந்தப் பொருள் என்று போடாமல் விட்டது நாம்.

எரிந்த காயிலைப் பார்த்தாலே காரணம் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. த்ரீ பேஸ் மோட்டாரின் காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம் உண்டு. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸின் காயில்கள் கரிந்து, ஒரு பேஸின் காயில்கள் மட்டும் வார்னிஷ் மின்ன நன்றாக இருந்தால், ஓடும்போது ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டா என்றால் இதற்கு மாறு: ஒன்று கரியும், இரண்டு பிழைக்கும். காயில்கள் உட்காரும் அசையாத பகுதியான ஸ்டேட்டரைச் சுற்றி வரிசையாகக் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி இருக்கும். அப்பா இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் கம்பி சுற்றவே விட்டார். ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோட் ரிலேயை நேம் பிளேட் ஆம்பியருக்குச் சரியாக வைத்தால் இதில் பாதி வேலை எனக்கு வராது. வராமல் போகட்டும், எனக்குக் கட்டவேண்டிய காயில் வேறு நிறைய இருக்கிறது.

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ஓம் என்ற விதியைக் கண்டுபிடித்த கியோர்க் சைமன் ஓம் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியில் எர்லாங்கனில் 1789-இல் பூட்டுத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். கொலோன் நகரத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி அளந்தவர். அந்தக் காலத்து பேட்டரி ஓட ஓட வலு இறங்கிவிடும், அளவு நிலையாக நிற்காது. அதனால் அதை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் இணைத்த ஒரு ஜோடியை எடுத்து, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். நிலையான வோல்டேஜ் கிடைத்தது. 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் உடனே மதிப்பு கிடைக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளே பதக்கம் கொடுத்தது. அவர் முதலில் அளந்தார், பிறகுதான் விதி எழுதினார். நம் பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்கிறார்கள், அளப்பதற்கு மீட்டரையே கையில் கொடுப்பதில்லை.

நம் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் கோபுரங்களில் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் லைன்கள் போகின்றன. ஏன் அவ்வளவு உயரமான வோல்டேஜ் என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். விடை அதே கணக்கில் இருக்கிறது. எளிதாக இருக்க சிங்கிள் பேஸ் என்றே வைத்துக்கொள்வோம். 230 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்ப 1,000 ஆம்பியர் வேண்டும். லைனின் ஓம் வெறும் ஒன்று என்றாலும் 1,000-ஐ 1,000-ஆல் பெருக்கினால் பத்து லட்சம் வாட் கம்பியிலேயே போகவேண்டும். அனுப்புவதைவிட இழப்பு அதிகம், அது நடக்கவே முடியாத காரியம். அதையே 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஆம்பியர். இழப்பு ஒரு வாட். வடலூர், நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் தினமும் பார்க்கிற கோபுரம் இது. பாடத்துக்குப் படம் வரையக்கூட வேண்டாம், ஜன்னலைக் காட்டினால் போதும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வாரங்களில் என் கடை வாசலில் சேறு அப்பிய மோட்டார்களாக நின்றன. பலரும் கேட்டது ஒன்றுதான்: 'வெயில்ல காய வெச்சுட்டோம், போட்டுப் பாக்கலாமா?' பார்க்கக்கூடாது. வெளியே காய்ந்திருக்கும், காயில் உட்காரும் ஸ்லாட்டுக்குள் இருக்கும் காகிதத்தில் ஈரம் நிற்கும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரான மெக்கர் வைத்து 500 வோல்ட் தள்ளி, காயிலுக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பார்க்கவேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் வரவேண்டும், அதாவது பத்து லட்சம். அப்போது 230 வோல்ட்டில் கசிவது கால் மில்லி ஆம்பியர்கூட இல்லை. சில மோட்டார்களில் இரண்டாயிரம் ஓம் காட்டியது. 230-ஐ 2,000-ஆல் வகுத்தால் 115 மில்லி ஆம்பியர். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த இரும்பைத் தொடுகிறவர் உடல் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கப் பார்க்கும். நம் உடலின் ஓமும் குறுக்கே சேர்வதால் அந்த 115 கொஞ்சம் குறையலாம். குறைந்த பின்னும் உயிருக்கு ஆபத்தான அளவுதான்.

காய்ந்த தோலுக்கு ஓம் அதிகம். நனைந்த கையும் நனைந்த காலுமாக நின்றால் உடலின் ஓம் ஆயிரம் அளவுக்கு இறங்கிவிடும் என்று கணக்கு வைப்பார்கள். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பை நிறுத்த இதில் பாதி போதும். இப்போது வீட்டு எம்.சி.பி.யை நினைத்துப் பாருங்கள். அது 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். 0.23 அதற்குக் கண்ணிலேயே படாது. 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் வேண்டும் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். விற்பனைக்காகச் சொல்கிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதை விற்பதில்லை. வகுத்துப் பார்த்தால் அவர்களுக்கே தெரியும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மல்டிமீட்டர் ஒன்றும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வாங்குவது ஒரு பள்ளிக்குப் பெரிய செலவில்லை. ஓம் பார்க்கும்போது பொருளின் பிளக் கட்டாயம் வெளியே இருக்கவேண்டும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து வீட்டுக் கரண்டில் நுழைக்கவே கூடாது. அதற்குத்தான் கிளாம்ப். கிளாம்பின் வாய்க்குள் ஒரே ஒயர்தான் போகவேண்டும், இரண்டையும் சேர்த்து விட்டால் போகிறதும் வருகிறதும் ஒன்றையொன்று அழித்து சைபர் காட்டும்.

மீட்டர் எதுவும் இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு. ஈ.பி. மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். பல மீட்டர்களில் 3,200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, பெட்டியின் விளக்கு எரியும்போது மீட்டரின் சிமிட்டலை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். 1,000 வாட் பெட்டி என்றால் 53 தடவை சிமிட்டவேண்டும். எண்ணிக்கையை 18.75-ஆல் பெருக்கினால் வாட். ஒயர் ஒன்றைக்கூடத் தொடவேண்டாம். வோல்டேஜ் இறங்கிய மாலையில் எண்ணினால் நாற்பதுக்கும் கீழே வரும். ஏன் என்று பிள்ளையே கேட்கும்.

தங்கள் மாணவர் பக்கத்துக்கு மூன்று வினாக்களை இத்துடன் எழுதுகிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

கல்யாண வீட்டில் 40 மீட்டர் தள்ளி, ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு போடுகிறார்கள். அந்த ஒயர் கிலோமீட்டருக்கு 18 ஓம். போகவும் வரவும் 80 மீட்டர். ஒயரில் இழக்கும் வோல்டேஜ் எவ்வளவு, ஒயரில் பிறக்கும் சூடு எத்தனை வாட்? விடை: ஒயர் 1.44 ஓம், ராடு 35.3 ஓம், ஆம்பியர் 6.26, இழப்பு 9 வோல்ட், சூடு 56 வாட். ஒயரைச் சுருள் பிரிக்காமல் வைத்திருந்தால் அந்த 56 வாட்டும் சுருளுக்குள்ளேயே அடைபட்டு இன்சுலேஷனை இளக்கும் என்பதையும் விடையோடு சேர்த்துப் போடுங்கள்.

ஒரு 2,000 வாட் கெய்சரும் ஒரு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒரே 16 ஆம்பியர் லைனில் ஓடினால் எம்.சி.பி. விழுமா? விடை: விழாது, மொத்தம் 13 ஆம்பியர்தான். 1,500 வாட் ராடும் சேர்ந்தால்? 19.6 ஆம்பியர். உடனே விழாது, நேரம் ஆக ஆக விழலாம், விழாமலும் போகலாம், ஆனால் அந்த லைனுக்கு அது அதிக லோடுதான்.

மூன்றாவது: ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8, மீட்டரில் எத்தனை வாட் ஓடும்? விடை: 1,196. இதே மோட்டாரின் மின்தடையைக் காண்க என்று மட்டும் அடுத்த வரியில் கேட்டுவிடாதீர்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்து எழுதுக என்று போடுங்கள். மீட்டர் இல்லாத பிள்ளைகள் மாலையில் என் கடைக்கு வரட்டும், இரண்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.